பள்ளியும் பள்ளிக்கூடமும்: சக்குபள்ளத்து வகுப்பறையில் சேவையும் நீதியும்

செல்லார்கோவில் முகட்டில் நின்று கிழக்கே பார்த்தால் கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களும் தென்னந்தோப்புகளும் காலடியில் விரிந்து கிடக்கும். மேற்கே திரும்பினால் ஏலக்காடு. முகடு சக்குபள்ளம் ஊராட்சியைச் சேர்ந்தது. இடுக்கி மாவட்டம், கேரளம். கீழே தேனி மாவட்டம், தமிழ்நாடு. இந்த மலைவிளிம்பில் ‘பள்ளி’ என்ற ஒரே சொல் இரண்டு கட்டடங்களைக் குறிக்கிறது. தோட்ட வேலைக்கு வந்த தமிழ்ப் பெண் ஒருத்தி, தன் மகள் பள்ளிக்குப் போயிருக்கிறாள் என்றால் அவள் மனத்தில் இருப்பது கரும்பலகை. பக்கத்து வீட்டு மலையாளியின் காதில் அது சிலுவை ஏந்திய கோபுரமாக விழும். மலையாளத்தில் பள்ளி என்பது கிறித்தவ ஆலயம். மசூதியும் அதே சொல்லால் வழங்கும். கல்விக்கூடத்திற்கு அங்கே பள்ளிக்கூடம் என்றும் ஸ்கூல் என்றும் பெயர்.

இச்சொல்லைப் பற்றிக் கேரளத்தில் பரவலாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. 1864ஆம் ஆண்டில், சீரோ-மலபார் சபையின் முதன்மைக் குருவாக இருந்த குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா, ஒவ்வொரு பள்ளியோடும், அதாவது ஒவ்வொரு ஆலயத்தோடும், ஒரு கல்விக்கூடம் நடத்தப்பட வேண்டும் என்று கண்டிப்பான சுற்றுமடல் அனுப்பினார். பள்ளியோடு சேர்ந்த கூடம் ஆதலால் பள்ளிக்கூடம் என்ற சொல் பிறந்தது என்பது அக்கதை. சொல்லாராய்ச்சி இதனை ஏற்காது. மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துத் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளிலேயே சமணத் துறவியர் உறைந்த குகை இச்சொல்லின் பழைய வடிவத்தால் குறிக்கப்படுகிறது. துறவியர் தங்கிய இடமே கற்பிக்கும் இடமாகவும் இருந்தமையால் பொருள் விரிந்தது. திருமங்கையாழ்வார் பாடலில் பிரகலாதன் ஓதி வரும் இடம் பள்ளிதான். சாவறா பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இச்சொல் வழிபாட்டையும் கல்வியையும் ஒருசேரச் சுமந்திருக்கிறது. பின்னர் மலையாளம் ஒரு பொருளையும் தமிழ் மற்றொன்றையும் முதன்மையாக வைத்துக்கொண்டன.

ஆயினும் பிழையான சொற்பிறப்புகள் சில வேளைகளில் சமூகத்தின் நினைவைச் சரியாகவே காட்டிவிடுகின்றன. ஆலயம் இருந்தால் அதன் அருகில் கல்வி இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு மத்தியக் கேரளக் கிறித்தவர் மனத்தில் ஆழப் பதிந்திருப்பதற்கு அச்சுற்றுமடலும் ஒரு காரணம். 1846இல் மான்னானத்தில் சமற்கிருதப் பள்ளியைத் தொடங்கியவர் சாவறா. ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகளைச் சேர்த்தபோது அவர்கள் பசியோடு உட்கார்ந்திருப்பதைக் கண்டு, ‘பிடியரி’ என்ற வழக்கத்தை அவர் பயன்படுத்தியதாகச் சபை வரலாறு கூறும். வீட்டுக்காரி உலையில் அரிசி இடும்போது ஒரு பிடியைத் தனியே எடுத்து வைப்பாள். வாரந்தோறும் அது திரட்டப்பட்டுக் குழந்தைகளுக்கு மதியக் கஞ்சியாகும். மதிய உணவு என்றவுடன் 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியையும் 1956இன் காமராசரையும் நினைக்கும் தமிழ் வாசகருக்கு, அதற்கு அரை நூற்றாண்டுக்கும் மேலாக முந்திய இந்த ஏற்பாடு வியப்பளிக்கலாம். இத்தனைக்கும் அதற்கு அரசாணை இல்லை, நிதி ஒதுக்கீடும் இல்லை. அடுப்படியில் நிற்கும் பெண்ணின் கை மட்டுமே இருந்தது.

பிடியரி சேவையின் தூய வடிவம். அதன் எல்லையும் அதிலேயே தெரிகிறது. ஒரு பிடி எடுத்தபின் பானையில் மிஞ்சும் அரிசி கொடுத்தவருடையது. அதைப் பற்றிக் கேள்வி எழுவதில்லை. கஞ்சி பெறும் குழந்தை எந்தப் பலகையில், யாருக்குப் பக்கத்தில் அமர்கிறது என்பதுதான் நீதியின் கேள்வி. கேரளக் கிறித்தவக் கல்வியின் வரலாற்றை இந்த இடத்திலிருந்து படித்தால் பெருமையும் சங்கடமும் கலந்தே வருகின்றன.

சீர்திருத்தச் சபையின் பக்கம் பார்க்கலாம். சர்ச் மிஷனரி சங்கத்தைச் சேர்ந்த இளைய ஹென்றி பேக்கர், 1840களின் இறுதியில் கோட்டயத்திலிருந்து கிழக்கே மலையரையர் குடிகளுக்குச் சென்றார். முண்டக்கயம், மேலுகாவுப் பகுதிகளின் இப்பழங்குடியினரைப் பற்றி 1862இல் நூலும் எழுதினார். அவ்வரலாற்றில் கவனிக்க வேண்டிய செய்தி, அவர் தாமாகப் போகவில்லை என்பது. மலையரையரின் மூப்பர்கள் மலையிறங்கி வந்து, தங்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டுமென்று மீண்டும் மீண்டும் அழைத்த பிறகே அவர் புறப்பட்டார். மிஷன் வரலாறுகளை இருளுக்குள் ஒளி கொண்டுசென்ற கதையாகவே வாசிக்கும் பழக்கம் நம் கல்விப்புலத்தில் இன்னும் தீரவில்லை. எதிர்த்து எழுதுவோரும் அதே சட்டகத்தைத் தலைகீழாக்கிப் பயன்படுத்துகின்றனர். இரண்டிலும், கேட்க வந்தவரின் குரல் விடுபட்டுப் போகிறது.

அதே ஆண்டுகளில் மல்லப்பள்ளிப் பகுதியில் ஜார்ஜ் மாத்தன் என்ற மலையாளிக் குரு, வயலோடு சேர்த்து விற்கப்பட்டுவந்த அடிமைச் சாதியினருக்காகப் பள்ளி நடத்தினார். பகல் முழுவதும் உடையவரின் நிலத்தில் உழைத்தவர்கள் இருட்டிய பின்னரே அங்கு வர முடிந்தது. அங்குக் கற்ற தைவத்தான் 1854இல் ஆபேல் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்றார். 1847இல் மிஷனரிகள் அடிமைமுறையை ஒழிக்கக் கோரித் திருவிதாங்கூர் அரசுக்கு விண்ணப்பம் அளித்திருந்தனர். 1855இல் ஒழிப்பு அறிவிப்பு வெளிவந்தது. பள்ளிக்கூடமும் விண்ணப்பமும் ஒரே கைகளிலிருந்து புறப்பட்டன என்பதே இங்குப் பொருட்படுத்தத் தக்கது. எழுத்தைக் கற்பித்துவிட்டு, கற்றவன் மறுநாள் காலையில் விற்கப்படுவதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ஆனால் அடிமைத்தளை அறுந்தவுடன் பலகை பொதுவாகிவிடவில்லை. முன்னரே கிறித்தவர்களாக இருந்த சிரியன் மரபினர், புதிதாக வந்த புலையரையும் பறையரையும் தம்மோடு அமரவைக்கத் தயங்கினர். தனி ஆலயங்களும் தனிக் கூட்டங்களும் உருவாயின. இந்த ஏமாற்றத்திலிருந்து புறப்பட்டவர் பொய்கயில் யோகன்னான். சபைகள் ஒன்றிரண்டில் இருந்து பார்த்துவிட்டு, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையை நிறுவினார். வெளியிலிருந்து எழுந்த எதிர்ப்பாக அவருடைய குரலை ஒதுக்கிவிட இயலாது. மறைநூலைப் படித்து, அதில் சொல்லியதை ஆலயத்தில் காணாமல் வெளியேறியவரின் குரல் அது. தமிழில் அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது பாமாவின் ‘கருக்கு’. ஏழைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசையில் துறவற சபையில் சேர்ந்த ஒரு தலித் பெண், அச்சபையின் பள்ளி வசதி படைத்தோருக்கே வாய்த்திருப்பதைக் கண்டு விலகிய அனுபவம் 1992இல் நூலாயிற்று. யோகன்னானுக்கும் பாமாவுக்கும் இடையே முக்கால் நூற்றாண்டுக்கும் மேலான தொலைவு இருக்கிறது. கேள்வி நகரவே இல்லை.

இந்தப் பின்னணியோடு ஏலமலைக்குத் திரும்பலாம். இங்கே யார் முதலில் வந்தார்கள் என்பது எளிய கேள்வியன்று. குமுளிச் சுற்றுவட்டாரத்துப் பளியரும் மன்னான்களும் மூத்தவர்கள். ஏலத்தை வேளாண்மையாக வளர்த்தவர்களில் கம்பம், போடி வட்டாரத்துத் தமிழர் பெரும்பங்கினர். காய் எடுக்கும் பெண்களும் அங்கிருந்தே வந்தனர். மத்தியத் திருவிதாங்கூரின் விவசாயக் குடும்பங்கள் பெருமளவில் மலையேறியது 1940களிலும் 50களிலும், உணவுப் பஞ்சமும் அரசின் குடியேற்றத் திட்டங்களும் தள்ளியபோது. அவர்கள் பட்ட பாடு குறைத்து மதிப்பிடத் தக்கதன்று. காட்டு யானைக்கும் மலேரியாவுக்கும் இடையே குடிசை போட்டவர்கள், அடுத்த வேலையாக ஓர் ஆலயமும் அதன் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடமும் எழுப்பினார்கள். கல் சுமந்ததும் கூரை வேய்ந்ததும் அவர்களே. சாவறாவின் சுற்றுமடல் ஒரு நூற்றாண்டு கழித்து மலையில் நிறைவேறியது என்று சொன்னால் மிகையாகாது. ஆகவே பள்ளிக்கூடம் வந்த வரிசை, மக்கள் வந்த வரிசைக்குத் தலைகீழாக அமைந்தது. கடைசியாக வந்தவர்களின் மொழியிலும் அவர்களது ஆலயத்தின் நிழலிலும் அது எழுந்தது. முன்னரே இருந்தவர்களின் பிள்ளைகள் அதில் விருந்தினராயினர்.

1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அதே ஆண்டின் ஏழாம் திருத்தம் அரசமைப்பில் 350அ என்ற உறுப்பைச் சேர்த்தது: மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கான வசதி செய்துதர ஒவ்வொரு மாநிலமும் முயல வேண்டும். சமயச் சிறுபான்மையினரும் மொழிச் சிறுபான்மையினரும் தம் விருப்பப்படி கல்வி நிறுவனம் நடத்தும் உரிமை 30ஆம் உறுப்பில் முன்னரே இருந்தது. இவ்விரு உறுப்புகளும் ஏலமலையின் ஒரே வகுப்பறையில் சந்திக்கின்றன. நிருவாகம் சமயச் சிறுபான்மை. மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் குழந்தை மொழிச் சிறுபான்மை. முதலாமவரின் உரிமை நீதிமன்றங்களில் நன்கு வாதிடப்பட்டிருக்கிறது. இரண்டாமவருக்கு வழக்கறிஞர் வைக்க வழியில்லை.

அந்த வாதாட்டத்தின் உச்சம் 1957 முதல் 1959 வரை. ஜோசப் முண்டசேரி கொண்டுவந்த கேரளக் கல்வி மசோதா, அரசு ஊதியம் பெறும் தனியார் பள்ளிகளுக்கான ஆசிரியர்களைத் தேர்வாணையம் தெரிவு செய்யும் என்றும், அதில் இட ஒதுக்கீட்டு நெறி பின்பற்றப்படும் என்றும் கூறியது. கத்தோலிக்கத் திருச்சபையும் நாயர் சங்கமும் எதிர்த்தன. விமோசனப் போராட்டம் மூண்டது. 1959 ஜூலை 31இல் நம்பூதிரிபாடு அரசு கலைக்கப்பட்டது. நியமனப் பிரிவு அடுத்து வந்த ஆட்சியில் கைவிடப்பட்டது. இன்றளவும் கேரளத்து உதவிபெறும் பள்ளிகளில் ஊதியம் அரசுடையது, நியமனம் நிருவாகத்துடையது. பட்டியலினத்தாருக்கும் பழங்குடியினருக்கும் அதில் இட ஒதுக்கீடு இல்லை. அன்றைய அச்சத்தில் நியாயமே இல்லை என்று கூறிவிட முடியாது. கட்சியாட்சி வகுப்பறைக்குள் நுழைவதைப் பற்றிய கவலை மெய்யானது. எனினும் ஆபேலின் பள்ளிக்குத் தன்னை வாரிசாகக் கருதும் ஒரு மரபு, ஆபேலின் பேரன் ஆசிரியராவதற்கான பட்டியலை மறுப்பதற்குச் சமய உரிமையைத் துணைக்கு அழைப்பது இறையியலாளர்களை உறங்கவிடாதிருக்க வேண்டும். மாணவராகச் சேர்ப்பது பிடியரி. ஆசிரியராக அமர்த்துவது பானையையே பொதுவாக்குவது.

உலகளாவிய திருச்சபைக்குள்ளும் இக்கேள்வி எழுந்தது. இயேசு சபையின் தலைவர் பேத்ரோ அருப்பே, 1973 ஜூலை 31இல் ஸ்பெயினின் வலென்சியா நகரில், சபைப் பள்ளிகளில் படித்து உயர்ந்த முன்னாள் மாணவர்களின் மாநாட்டில் பேசினார். உங்களை நீதிக்காக உருவாக்கினோமா என்ற கேள்வியை எழுப்பி, இல்லை என்று தாமே விடையும் கூறினார். கேட்டவர்களில் பலர் கொதித்தனர். சேவை என்ற சொல்லுக்கு எந்த மாநாட்டிலும் கைதட்டல் கிடைக்கும் என்பதை இத்துடன் ஒப்பிடலாம்.

செயலில் காட்டியவர்களும் உண்டு. கொல்கத்தாவின் லொரேட்டோ சியால்தா பள்ளிக்கு 1979இல் தலைவியாக வந்த சகோதரி சிரில் மூனி, கட்டணம் செலுத்தும் மாணவியரோடு செலுத்த இயலாதோரையும் சேர்த்துச் சேர்த்து, இரு தரப்பும் ஏறக்குறைய சரிபாதியாகும் நிலைக்குப் பள்ளியைக் கொண்டுசென்றார். சியால்தா ரயில் நிலையத்தைச் சுற்றி வாழ்ந்த சிறுமியர் வந்து போகவும் தங்கவும் பள்ளியின் மாடி திறந்துவிடப்பட்டது. வசதியுள்ள மாணவியர் அவர்களுக்குக் கற்பிப்பது கால அட்டவணையிலேயே இடம்பெற்றது. ஓய்வு நேர நற்செயலாக அது விடப்படவில்லை என்பதில்தான் அதன் வலிமை.

சக்குபள்ளத்தில் சிக்கல் வேறு வடிவம் கொள்கிறது. மூணாறு, வண்டிப்பெரியாறு போன்ற தேயிலைப் பகுதிகளில் பெருந்தோட்டங்களும் லயங்களும் இருப்பதால் தமிழ்க் குழந்தைகள் ஓரிடத்தில் திரள்கின்றனர். தமிழ்வழி வகுப்புகளும் அங்கே உண்டு. ஏலத்தோட்டங்களில் மிகப் பல சிறியவை. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 6 முதல் 12 வயது வரையிலான தொழிலாளர் குழந்தைகள் 25 பேருக்கு மேல் இருக்கும் தோட்டத்திலேயே கல்வி வசதியை உரிமையாளரின் பொறுப்பாக்க வழி செய்தது. பத்து ஏக்கர் ஏலக்காட்டில் அந்த எண்ணிக்கை எட்டாது. எனவே குழந்தை, எண்ணிக்கைக்குள் வராமல், அருகிலுள்ள மலையாளவழி வகுப்பிற்குச் சென்று அமர்கிறது.

அங்கே அதற்கு நேரும் இடர்ப்பாடு, இரு மொழிகளும் உடன்பிறந்தவை என்பதனாலேயே கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. ஜார்க்கண்டிலிருந்து வந்த தொழிலாளியின் குழந்தைக்கு ஒன்றும் புரியாது என்பது ஆசிரியருக்குத் தெரியும். தமிழ்க் குழந்தைக்குப் புரியும் என்று அவர் நம்புகிறார்; பாதி புரியவும் செய்கிறது. மலையாள வினை, திணையும் பாலும் காட்டும் ஈறுகளை இழந்துவிட்டது: அவன் வந்நு, அவள் வந்நு. வந்தான், வந்தாள் என்று பழகிய குழந்தை ஈறு சேர்த்து எழுதினால் சிவப்பு மை விழும். தமிழில் ககரத்திற்கு ஓர் எழுத்து, மலையாளத்தில் நான்கு. தண்ணீர் கேட்க வேண்டிய இடத்தில் வெள்ளம் கேட்க வேண்டும். சம்சாரிப்பது என்றால் பேசுவது. இவையெல்லாம் மொழியியல் வகுப்பில் சுவையான எடுத்துக்காட்டுகள். ஏழு வயதில் அப்படியிருக்காது.

எல்லாவற்றையும்விடக் கூர்மையானது ‘பட்டி’. தேனி மாவட்டத்தில் பட்டி என்று முடியாத ஊரைத் தேடித்தான் எடுக்க வேண்டும். மலையாளத்தில் பட்டி என்றால் நாய். சொந்த ஊர் எது என்ற ஆசிரியரின் அன்பான கேள்விக்கு ஒரு சிறுமி விடை சொல்லும்போது வகுப்பில் சிரிப்பு எழ எந்தத் தீய எண்ணமும் தேவையில்லை, சொற்பொருளே போதும். அச்சிரிப்புக்குப் பின் அவள் ஊரின் பெயரைச் சொல்லாமலிருக்கக் கற்றுக்கொள்வாள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரத்தில் எல்லை கொந்தளித்து, தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் பல மலையிறங்கி ஓடிய நாள்களை நினைவில் வைத்திருக்கும் பெற்றோர், மகள் தமிழில் பேசாதிருப்பதே பாதுகாப்பு என்று கருதினால் அவர்களைக் குறை கூற முடியாது.

மலையாளத்தை எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயமாக்கும் கேரளச் சட்டம் 2017இல் வந்தது. அதே ஆண்டில்தான் எர்ணாகுளம் மாவட்டத்தில் ‘ரோஷ்ணி’ திட்டமும் தொடங்கியது. புலம்பெயர் தொழிலாளரின் குழந்தைகளுக்கு, அவர்களுடைய மொழியறிந்த தன்னார்வலர்கள் வழியாக, இரு மொழிகளையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தி மலையாளம் கற்பிக்கும் முறை அது. முதலில் வேரூன்றியது ஓர் அரசுப் பள்ளியில். அந்நியரை வரவேற்பதை இறுதித் தீர்ப்பின் அளவுகோலாகவே வைத்திருக்கும் சமயத்தின் நிறுவனங்கள் இதில் முந்தியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறாகாது. கம்பத்திலிருந்து தினமும் ஜீப்பில் வரும் பெண்களிடையே பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்கள் இருக்கிறார்கள். காலையில் அரை மணி நேரம் ஒருத்தியைத் தொடக்க வகுப்பில் தமிழோடு நிறுத்துவதற்குச் சட்டத் திருத்தம் வேண்டியதில்லை. ஒரு நாள் கூலியை யாரேனும் ஈடுகட்ட வேண்டும், அவ்வளவே. கரும்பலகையில் பட்டி என்று எழுதி, இரு மொழியிலும் அதன் பொருளைச் சொல்ல எந்த நிதியும் வேண்டியதில்லை. நிலையான பணியிடத்தில் தமிழறிந்த, தோட்டக் குடும்பத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியரை அமர்த்துவது கடினம். 1957இன் கேள்வி அங்கே திரும்பி வருகிறது.

மத்தேயு நற்செய்தியில் திராட்சைத் தோட்டக் கூலிகளைப் பற்றிய உவமை ஒன்று உண்டு. காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி. முணுமுணுப்பவர்கள் முதலில் வந்தவர்கள். ரஸ்கின் தம் நூலுக்குத் தலைப்பை எடுத்ததும், அதைப் படித்துக் காந்தி சர்வோதயத்திற்குச் சென்றதும் இவ்வுவமையிலிருந்துதான். தோட்டத்து மக்கள் நிறைந்த பங்குகளில் ஞாயிறுதோறும் அமர்ந்திருப்போருக்கு இதை விளக்க விரிவுரை தேவைப்படாது. கேரளத்தில் பள்ளிகள் ஜூன் தொடக்கத்தில் திறக்கின்றன. ஏலக்காய் எடுப்பு சூடுபிடிப்பது அதன் பிறகு, ஆகஸ்டு வாக்கில். காய் எடுக்கக் குடும்பத்தோடு மலையேறும் குழந்தை வகுப்பின் வாசலுக்கு வந்து சேரும்போது இரண்டு மாதப் பாடம் முடிந்திருக்கும், பலகையில் இடங்கள் நிரம்பியிருக்கும். பாடநூல்களுக்கான கணக்கு அதற்கும் முன்பே அனுப்பப்பட்டாயிற்று.